பெடல் இல்லாத வண்டியும் கிளட்ச் அண்ணனும்

கிளட்ச் அண்ணனுக்குப் பொறாமை வந்துவிட்டால் அடுப்பே தேவையில்லை, அவர் வயிற்றின்மேல் பாத்திரத்தை வைத்தால் தண்ணீர் கொதித்துவிடும் என்று லாரிப் பட்டறையில் ஒரு பேச்சு உண்டு. இது கொஞ்சம் மிகைதான். பாத்திரம் பெரிதாக இருந்தால் கொதிக்கச் சற்று நேரமாகும்.

எதற்குத்தான் பொறாமைப்பட மாட்டார்! பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலைமுடி அடர்த்தியாக இருந்தால் பொறாமை. எதிர்வீட்டு நாய் அந்த வீட்டுக்காரரைப் பார்த்துக் கூடுதலாக வாலாட்டினால் பொறாமை. ஒருமுறை காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டில்காரருக்குப் பெரிய ஊசி போட்டதைப் பார்த்து, "எனக்கு மட்டும் ஏம்மா சின்ன ஊசி? நான் என்ன பாவம் பண்ணினேன்?" என்று நர்சிடம் சண்டைக்குப் போனவர் அவர்.

ஆனால் லாரி கிளட்ச் வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. படிப்பு மண்டையில் ஏறாமல் பட்டறைக்கு வந்தவர். முதலில் டயர் கழற்றினார், பிறகு பிரேக்கில் கை வைத்தார், கடைசியில் கிளட்ச்சில் வந்து நங்கூரம் போட்டுவிட்டார். அவர் மாட்டிய கிளட்ச், லாரி பழைய இரும்புக்குப் போன பிறகும் உழைக்கும். கல்யாணமே கிளட்ச்சால்தான் நடந்தது. ஏற்றத்தில் நின்றுபோன ஒரு லாரிக்குக் கிளட்ச் மாற்றப் போனார், அந்த லாரிக்காரரின் மகளைப் பார்த்தார், அப்புறம் அந்த லாரிக்கு மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கோளாறு வந்துகொண்டே இருந்தது. மாமனார் இன்றைக்கும் சொல்வார்: "பிளேட்டை மாட்ட வந்தவன், பொண்ணைக் கழட்டிக்கிட்டுப் போயிட்டான்."

அவருடைய தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான். கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் படக் கூடாது. சாதாரண லாரியில் அந்தப் பிளேட் காய்ந்திருந்தால்தான் எஞ்சினைப் பிடிக்கும். ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் போதும், வழுக்கிக்கொண்டு புகையும், அவ்வளவுதான். அதனால் பிளேட்டைத் தொடும் முன் ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரைப் போல முழங்கை வரைக்கும் சோப்புப் போடுவார். தலைக்கு நன்றாக எண்ணெய் தடவிக்கொண்டு வந்த ஒரு டிரைவரிடம், "நீ வாசல்லயே நின்னு பேசு. எனக்கு இங்கேருந்தே கேக்கும்" என்று சொல்லி, கடைசிவரை உள்ளே விடவே இல்லை.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒருநாள் மூன்றாவது பெடல் இல்லாத வண்டி ஒன்று வந்து நின்றது.

பெரிய பத்துச் சக்கர வண்டி. வண்டிக்காரரே டிரைவர். வயிறு ஸ்டியரிங்கைத் தொடும் அளவுக்கு ஆள் தாட்டியம். கிளட்ச் அண்ணன் கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். பிரேக் இருந்தது. ஆக்சிலேட்டர் இருந்தது. இடதுபக்கம், கிளட்ச் பெடல் இருக்க வேண்டிய இடத்தில், வெறும் ரப்பர் விரிப்பு.

"மூணாவது பெடல் எங்கேய்யா?"

"இல்லண்ணே."

"உடைஞ்சு விழுந்துடுச்சா?"

"பொறக்கும்போதே இல்லண்ணே. இது ஆட்டோமேட்டிக். கியரைத் தானே மாத்திக்கும்."

"அப்போ கிளட்ச்சே இல்லாத வண்டியை என்கிட்ட எதுக்குக் கொண்டுவந்த? பல் இல்லாதவனுக்குப் பல் டாக்டரா?"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "கிளட்ச் இருக்கு மாமா. ஒண்ணு இல்ல, கட்டுக்கட்டா இருக்கு. கியர் பாக்ஸுக்குள்ள ஒளிஞ்சிருக்கு."

அந்தக் குரல்தான் விசில். கிளட்ச் அண்ணன் மனைவியின் தம்பி. வேலை செய்யும்போது ஓயாமல் சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பெயர். நாலு வருஷம் வெளியூரில் இந்த மாதிரி வண்டிகள் ஓடும் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, வாடகை வீடு கிடைக்கும்வரை அக்கா வீட்டில் தங்கியிருந்தான். அவனுக்கு இந்தப் பட்டறையில் வேலை வாங்கித் தந்ததே கிளட்ச் அண்ணன்தான். மனைவி மூன்று நாள் பேசாமல் இருந்ததால், முதலாளியம்மாவிடம் போய், "என் மச்சினன்மா, தங்கம். வேலையில புலி" என்று சொல்லி வைத்தார். அந்தப் புலி இப்போது அவர் பின்னாலேயே வந்து நின்று உறுமியது.

வண்டிக்காரர் நோயைச் சொன்னார். சுமையோடு மேட்டில் ஏறினால் எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கியர் எண்ணெயில் கருகின வாடை.

முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "விசிலு, இதை நீ பாரு. வண்டி நல்லபடியா மேடேறிப் போச்சுன்னா, கண்ணாடி ரூம் இனிமே உன் பொறுப்பு. சாவியை இப்பவே நீ வெச்சுக்க."

கிளட்ச் அண்ணனின் காதில் புகை வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் இருமினார்கள் என்று கேள்வி.

கண்ணாடி அறை என்பது பட்டறையின் மூலையில் புதிதாகக் கட்டிய அறை. தூசி விழக் கூடாத வேலைகளுக்காக நாலு பக்கமும் கண்ணாடி, வழவழவென்று தரை, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, நல்ல வெளிச்சம். அதன் சுவரில் சட்டை மாட்ட ஒரு கொக்கி அடித்த அன்றைக்கே, அதில் தன் சட்டை தொங்குவது போல மனசுக்குள் பார்த்துவிட்டவர் அவர். முதுகுக்கு இதமாக ஒரு நாற்காலி எங்கே போடலாம் என்றுகூட இடம் குறித்து வைத்திருந்தார். இப்போது அந்தக் கொக்கியில் விசிலின் பச்சைச் சட்டை தொங்கப்போகிறது!

வீட்டிலும் நிம்மதி இல்லை. ராத்திரிச் சாப்பாட்டில் மீனின் நடுத்துண்டு தம்பி தட்டுக்குப் போனது.

"வால் துண்டு எனக்கா?"

"உங்களுக்குத்தான் முள் எடுக்கத் தெரியுமே" என்றாள் மனைவி.

விசில் வாய் நிறையச் சோற்றோடு அக்காவுக்கு அந்தக் கியர் பாக்ஸை விளக்க ஆரம்பித்தான். "அதாவது அக்கா, உள்ள ஒரு டிரம் இருக்கும், வாளி மாதிரி. அதுக்குள்ள மெல்லிசு மெல்லிசா பிளேட்டை அடுக்கணும்..."

அவன் 'டிரம்' என்றதுமே கிளட்ச் அண்ணன் எழுந்து போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக் கை கழுவ ஆரம்பித்தார். அவன் பேசி முடிக்கும்வரை கழுவினார். மறுநாளும் அப்படியே. அந்த வாரம் அவர் கை கழுவின தண்ணீரில் ஒரு தோட்டமே விளைந்திருக்கும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து எழுந்து இடுப்பில் பேண்ட் நிற்காமல் போனதுதான் மிச்சம். ஆனால் மச்சினன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழவில்லை. அதுதான் அவருக்கு வேண்டியதும்.

கியர் பாக்ஸ் இறங்கிய அன்று, கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு பிரேக் டிரம்மைத் துடைத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். துடைத்துத் துடைத்து அது முகம் பார்க்கும் அளவுக்கு மின்னியது. உள்ளே விசில், சீழ்க்கை அடித்துக்கொண்டே வாளி போன்ற அந்த டிரம்மைப் பிரித்தான். கருகிப்போன பிளேட்டுகள் தோசைக்கல்லில் மறந்துவிட்ட தோசைகளைப் போல ஒவ்வொன்றாக வந்தன. புதுப் பிளேட்டுகளை எடுத்து ஒரு தட்டில் வைத்து ஏதோ செய்தான். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு ரப்பர் வளையம் குறைகிறது என்று உதிரிபாகக் கடைக்குக் கிளம்பிப் போனான். அறையைப் பூட்டவில்லை.

கிளட்ச் அண்ணனின் கால்கள் அவரைக் கேட்காமலேயே உள்ளே போயின.

தட்டைப் பார்த்தார். புத்தம் புதுக் கிளட்ச் பிளேட்டுகள் அத்தனையும் சிவப்பு எண்ணெயில் முழுகிக் கிடந்தன! ஒரு சொட்டு இல்லை, இரண்டு சொட்டு இல்லை, குளிப்பாட்டியே வைத்திருக்கிறான்.

முதலில் வந்தது சந்தோஷம். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வந்ததில்லை. இவனா புலி? இவனுக்கா கண்ணாடி அறை? ஓடிப்போய் முதலாளியம்மாவைக் கூட்டிவந்து காட்டலாமா என்று வாசல்வரை போனார். அப்படிக் காட்டிக்கொடுத்தால் வீட்டில் வால் துண்டுகூடக் கிடைக்காதே என்று நின்றார். அதைவிட நல்ல யோசனை ஒன்று வந்தது. பிளேட்டுகளைத் தானே சுத்தம் பண்ணி வைத்துவிடுவது. விசில் வந்து கேட்டால், "நான் இல்லன்னா உன் மானம் போயிருக்கும்டா" என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு சாகும்வரை அவனை ஆட்டிவைக்கலாம்.

எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம். ஒவ்வொரு பிளேட்டாக எடுத்துப் பெட்ரோலில் முக்கித் தேய்த்தார். இரண்டு பக்கமும் துணியால் துடைத்தார். காற்றுக் குழாயால் ஊதிக் காயவைத்தார். கல்யாணத்துக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி எல்லாம் பளிச்சென்று ஆனதும், அடுக்கி வைத்துவிட்டு வெளியே வந்து மனைவிக்குப் போன் அடித்தார்.

"உன் தம்பியோட லட்சணம் தெரியுமா? கிளட்ச் பிளேட்டை எண்ணெயில ஊற வெச்சிருக்கான்! நல்லவேளை, நான் பாத்தேன். பெட்ரோல் போட்டுக் கழுவி வெச்சுட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழும் சத்தம் கேட்டது.

"ஏ, இருக்கியா?"

"ஐயோ, என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க? அது எண்ணெயிலதான் ஊறணும். எண்ணெய்க்குள்ளயே வேலை செய்யற கிளட்ச் அது. ஊறாம மாட்டினா முதல் ஏத்தத்துலயே கருகிடும்னு அவன் படிச்சுப் படிச்சுச் சொன்னானே!"

"எப்போ சொன்னான்?"

"நீங்க குழாயைத் திறந்துவிட்டுக் கை கழுவிக்கிட்டு இருந்தீங்களே, அப்போ."

கிளட்ச் அண்ணன் பெட்ரோல் வாடை அடிக்கும் தன் கையைப் பார்த்தார்.

"இதோ பாருங்க, நான் அவன்கிட்ட சொல்ல மாட்டேன். அது உங்க வாயால வரணும். சொல்லிட்டு வீட்டுக்கு வாங்க." போனை வைத்துவிட்டாள்.

யாரும் பார்க்கவில்லை. சொல்லாமல் இருந்தால் என்ன? அவன் வேலை கெட்டால் கண்ணாடி அறை யாருக்கு வரும்? இப்படி அவர் வயிறு கேட்டது. வயிற்றுக்கு அவர் பதில் சொல்வதற்குள் விசில் சீழ்க்கை அடித்துக்கொண்டே கடையிலிருந்து வந்து அறைக்குள் நுழைந்தான்.

சீழ்க்கை பாதியில் நின்றது.

அதுவரை பட்டறையில் யாரும் அந்தச் சீழ்க்கையைக் கவனித்ததில்லை. நின்றதும் எல்லாரும் திரும்பினார்கள். வெல்டர் கண்ணாடியைத் தூக்கினார்.

"யாரு இதைத் தொட்டது?" விசில் ஒரு பிளேட்டை மூக்கிடம் கொண்டுபோனான். "பெட்ரோல்! பெட்ரோல் ஊத்திக் கழுவியிருக்காங்க! இதுமேல ஒட்டியிருக்கறது அட்டை மாதிரி, பெட்ரோலைக் குடிச்சிடும். இனிமே இதை எண்ணெயில போட்டாலும் நம்ப முடியாது. அத்தனையும் போச்சு!"

வண்டிக்காரர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "ஐயையோ, நாளைக்கு லோடு ஏத்தணுமேய்யா!"

முதலாளியம்மா வந்தார். பார்த்தார். அவர் கண் நேராகப் போய் நின்றது நுரையின் மேல். நுரை என்பவர் பட்டறையில் உதிரிபாகங்களைக் கழுவுகிறவர். எந்நேரமும் சோப்பு நுரையில் முழங்கை வரை இருப்பதால் அந்தப் பெயர். நாலு வார்த்தை பேசச் சொன்னால் மூன்றை முழுங்கிவிடுவார்.

"கழுவற வேலை உன்னோடதுதானே?"

"அம்மா... நான்... தொடவே..."

"உன்னைத் தவிர இங்க யாரு எதைக் கழுவியிருக்கா? போனவாரம் ரேடியேட்டர் மூடியைத் தொலைச்ச. இப்போ இது. நாளையிலேர்ந்து வர வேண்டாம்." பிறகு விசிலின் பக்கம் திரும்பினார். "நீயும் ரூமைப் பூட்டாம போயிருக்க. பூட்டத் தெரியாதவனுக்குச் சாவி எதுக்கு?"

விசில் தலை குனிந்து சாவியைக் கொடுத்தான். முதலாளியம்மா அதை அப்படியே கிளட்ச் அண்ணனின் கையில் வைத்தார். "நீங்களே வெச்சுக்குங்க. உங்களுக்காவது பொறுப்பு இருக்கு."

சாவி குளிர்ச்சியாக இருந்தது. எத்தனை நாள் ஆசை! விரல்கள் அதைச் சுற்றி மூடிக்கொண்டன. நுரையின் கண்ணில் தண்ணீர் நின்றது. கிளட்ச் அண்ணன் அந்தப் பக்கம் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். சொல்லிவிடு என்று ஒரு மனசு, மூடிக்கொண்டிரு என்று ஒரு மனசு. மூடிக்கொண்டிரு என்ற மனசு ஆள் கொஞ்சம் பலசாலி.

அப்போது விசில் வாயைத் திறந்தான்.

"அவரை அனுப்பாதீங்கம்மா. அவர் மேல தப்பு இல்ல. நான்தான் கழுவச் சொன்னேன். யோசிக்காம சொல்லிட்டேன்."

நுரை இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். வெல்டர், "அடேயப்பா" என்றார். லோடு போச்சே என்று புலம்பிக்கொண்டிருந்த வண்டிக்காரர்கூட அவன் தோளில் தட்டினார். "மனுஷன்னா இவன்யா மனுஷன்! அடுத்தவன் தப்பைத் தன் தலையில போட்டுக்கறான் பாரு. இந்தக் காலத்துல யாரு செய்வா?"

முதலாளியம்மாவின் குரலும் இறங்கிவிட்டது. "நீ சொல்றது பொய்னு எனக்குத் தெரியுது. ஆனா இப்படிச் சொல்ல ஒரு மனசு வேணும்."

கிளட்ச் அண்ணனுக்கு உச்சந்தலையில் பற்றிக்கொண்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் இவனையே பார்க்கிறார்கள்! நடுத்துண்டு இவனுக்கு. பேர் இவனுக்கு. புகழ் இவனுக்கு. இப்போது தான் வியர்வை சிந்தி, கை வலிக்கத் தேய்த்துச் செய்த தப்பும் இவனுக்கா? உலகத்தில் ஒரு தப்பைக்கூட எனக்கென்று விட்டுவைக்க மாட்டானா?

"நிறுத்துடா!" அவர் போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் பக்கத்து ஊருக்குக் குடிபோய்விட்டன. "அது என் தப்பு! நீ யாருடா அதை எடுத்துக்க?"

"மாமா?"

"நான்தான் கழுவினேன்! ஒவ்வொரு பிளேட்டா, ரெண்டு பக்கமும், இந்தக் கையால! காத்து அடிச்சுக் காயவெச்சதும் நான்தான்! வேணும்னா உங்க அக்காவைக் கேளு!"

முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார்.

"ஏன் கழுவினீங்க?" என்றார் முதலாளியம்மா, மெதுவாக.

"எண்ணெய் இருந்துச்சு."

முதலில் சிரித்தது வெல்டர். அப்புறம் வண்டிக்காரரின் வயிறு குலுங்கியது. அப்புறம் பட்டறை முழுவதும். நுரைகூடச் சிரித்தார். விசில் மட்டும் சிரிக்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல மாமா?"

"உன்கிட்டயா?" என்றார் கிளட்ச் அண்ணன். சொன்ன பிறகுதான், அந்த ஒரு வார்த்தையில் தன் வண்டவாளம் முழுவதும் வெளியே வந்துவிட்டது என்று புரிந்தது. குனிந்துகொண்டார். நுரையின் தோளைப் பிடித்தார். "நீ நாளைக்கு வந்துடு. வரலேன்னா நானே வீட்டுக்கு வந்து தூக்கிட்டு வருவேன்."

கையை விரித்தார். சாவி உள்ளங்கையில் பதிந்து அச்சாகியிருந்தது. முதலாளியம்மா அதை எடுத்து விசிலிடம் கொடுத்தார். "பூட்டிட்டுப் போ. இவரையும் உள்ள வெச்சே பூட்டினாலும் சரி."

மறுநாள் காலையில் முதல் பஸ் பிடித்துப் போய்ப் புதுப் பிளேட்டுகளை வாங்கி வந்தவர் கிளட்ச் அண்ணன்தான். அவை சிவப்பு எண்ணெயில் ஊறும்வரை, கண்ணை மூடிக்கொண்டால் பரவாயில்லை என்பது போல முகத்தைச் சுளித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விசில் இரும்புப் பிளேட் ஒன்று, அட்டைப் பிளேட் ஒன்று என்று மாற்றி மாற்றி டிரம்மில் அடுக்கினான். பூட்டு வளையத்தைப் போட்டு, இடைவெளியை அளந்தான். எண்ணெய் போகிற ஓட்டையில் காற்றை விட்டபோது, உள்ளே பிளேட்டுகள் 'டப்' என்று ஒன்றையொன்று கட்டிப்பிடித்தன. அவ்வளவு அழகான சத்தம். கிளட்ச் அண்ணனுக்கு அதைக் கேட்டு அழுகையே வந்துவிட்டது, பொறாமையில்.

வண்டி சுமையோடு மேடேறியது. எப்போது கியர் மாறியது என்றே தெரியவில்லை. வண்டிக்காரர் ஜன்னலில் இருந்து கையாட்டினார். விசிலுக்குத்தான் ஆட்டினார். கிளட்ச் அண்ணன் அதைத் தனக்கு என்று எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஆட்டினார்.

அடுத்த மாதம் அதே மாதிரி இன்னொரு வண்டி வந்தது. முதலாளியம்மா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கிளட்ச் அண்ணன் தானாகவே முழங்கை வரை கழுவிக்கொண்டு கண்ணாடி அறை வாசலில் வந்து நின்றார். விசில் நகர்ந்து இடம் விட்டான். இரண்டு பேரும் பேசாமல் வேலை செய்தார்கள். டிரம்முக்குள் போகும் ரப்பர் வளையத்தைக் கையில் எடுத்தவர், அதை இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார். ஒரு பக்கம் உதடு மாதிரி மெலிந்திருந்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவது போல, அவர் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"டேய், இந்த உதடு எந்தப் பக்கம் பாக்கணும்?"

விசில் நிமிர்ந்தான். சிரிப்பை உதட்டுக்குள் பிடித்துக்கொண்டது தெரிந்தது. "எண்ணெய் வந்து தள்ளற பக்கம் மாமா. மாத்திப் போட்டா எண்ணெய் ஒழுகிடும், கிளட்ச் பிடிக்காது."

"அது எனக்குத் தெரியும்" என்றார் கிளட்ச் அண்ணன். "உனக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

சொல்லிக்கொண்டே, கையிலிருந்த வளையத்தைச் சத்தமில்லாமல் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.